அப்புறம் ஏத்திக்கலாம், சிஸ்டர்

எங்கள் பழைய தங்கச் சுரங்க லைன் வீடுகளில் கணினி வாங்க நினைத்த யாரும் அவரைத் தாண்டிக் கடைக்குப் போனதில்லை. அவர் போக விடமாட்டார். காலையில் பெங்களூரு ரயிலைப் பிடிக்கச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருப்பார், டிபன் பை ஒரு பக்கம் ஆடும், சட்டைக் கடைசிப் பொத்தானை ஓடிக்கொண்டே போடுவார். அந்த நிலையிலும் சத்தமாகக் கேட்பார்.

“கம்ப்யூட்டர் வாங்கறீங்களாமே சிஸ்டர், இன்னா போர்டு?”

எதற்காகக் கணினி என்று கேட்கமாட்டார். யாருக்கு என்று கேட்கமாட்டார். இன்னா போர்டு, அவ்வளவுதான்.

அவர் சொன்னது மதர்போர்டை. கணினியின் மற்ற உறுப்புகளெல்லாம் பொருந்தி உட்காருவதற்காக உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும், அதை. (அவருடையது பச்சை இல்லை, கறுப்பு. பச்சை ஏழைகளின் நிறம் என்பது அவர் கருத்து.) கணக்குப் போடும் மூளை பிராசஸர்தான், பலகை அது உட்காரும் நாற்காலி. உலகம் முழுக்க மூளையைப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தபோது இவர் நாற்காலியைப் பார்த்தார். செலவெல்லாம் நாற்காலிக்கு, மிச்சத்தில் கிடைக்கிற மூளை. “பிராசஸர் இன்னா பிராசஸர், அத்த அப்புறம் ஏத்திக்கலாம் சிஸ்டர். போர்ட்ட மாத்த முடியுமா?” என்பார். அந்த ‘அப்புறம்’ வந்து நான் பார்த்ததில்லை.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் நந்திதுர்க்கில் யாருக்கும் தெரியவும் செய்யாது. மதர்போர்டு என்றால் தெரியும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். முகத்துக்கு நேரே நான் ‘பிரதர்’ என்பேன், அவர் என்னைச் ‘சிஸ்டர்’ என்பார். ஒரே சர்ச், பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர். பெங்களூருவில் ஏதோ வால்வு செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. பொருளை எண்ணி உள்ளே வைத்து எண்ணி வெளியே கொடுப்பது. சனிக்கிழமைகளில் அரை நாள். மீதி அரை நாளைக் கணினி உதிரிபாகம் விற்கும் தெருக்களில் கழிப்பார். எதுவும் வாங்காமல் கைநிறையக் கடைக்காரர்களின் அட்டைகளோடு ரயிலேறுவார்.

நான் நந்திதுர்க்கில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், காதுகுத்து நோட்டீஸ். தமிழில் வேண்டுமா, கன்னடத்தில் வேண்டுமா, இங்கிலீஷிலா, கேட்ட மொழியில் அடித்துக் கொடுப்பேன். பழைய கணினி படுத்துவிட்டது. டைப் அடிக்கவேண்டும், பிரிண்ட் எடுக்கவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் காதில் விழும்படி இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னது என் விதி.

கூட வந்தார். வாங்கிக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து பலகையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வெளியே எடுத்தார், பிறந்த குழந்தையைக் கொடுத்தால் வாங்குவோமே, அப்படி. “சூட்ட இழுக்கற ஹீட்சிங்க் பாருங்க சிஸ்டர், எவ்ளோ தடிமனா கீது பாருங்க. நாளைக்கு நீங்க இதுல ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டு போடலாம். ஓவர்கிளாக் பண்ணலாம்” என்றார்.

“காதுகுத்து நோட்டீஸுக்கா பிரதர்?”

“இன்னிக்குக் காதுகுத்து. நாளைக்கு இன்னா வரும்னு யாருக்குத் தெரியும்?”

கடையில் கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் தெரிந்தது, என்னுடைய பிரிண்டரின் ஒயரைச் செருக அந்தப் பலகையில் இடமே இல்லை. அது பழைய மாதிரிப் பிரிண்டர், அகலமான வாய் உள்ள ஒயர். பலகை புதிது. வராத கார்டுகளுக்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இடம் வைத்திருந்தது, வந்து நிற்கிற பிரிண்டருக்கு இல்லை.

“அதெல்லாம் பழசு சிஸ்டர். அத்த எடுத்துட்டாங்க” என்றார், ஏதோ நான் ஊர் வழக்கம் தெரியாமல் பேசியதைப்போல.

அன்றிலிருந்து டைப் அடித்ததைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருக்கோடி ஸ்டூடியோவுக்குப் போய் பிரிண்ட் எடுத்து வந்தேன். புதுப் பிரிண்டர் வாங்கும்வரை அப்படித்தான். ரெண்டு குதிரை பூட்டக்கூடிய வண்டி என் கடையில் நின்றது. நான் நடந்துகொண்டிருந்தேன்.

அவருடைய சொந்தக் கணினியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது முன்னறையில், மர மேஜைமேல், பக்கத் தகடு கழற்றப்பட்டுக் குடல் தெரிய உட்கார்ந்திருக்கும். தகடு போட்டால் சூடாகும் என்பார். எங்கள் பகுதியில், தங்கம் பிரித்த பிறகு மண்ணைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டிலிருந்து காற்று அடித்தால் வெள்ளை மண் சோற்றுத்தட்டு வரைக்கும் வரும். சுரங்கம் மூடியாயிற்று, மண் மூடவில்லை. திறந்து கிடக்கும் அந்தப் பலகைமேல் அது பவுடர் போட்டதுபோல் படியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பார். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அதன் பக்கம் திரும்பியிருக்கும். அவர் மனைவி ஸ்டெல்லாவும் அவருடைய அம்மாவும் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்வார்கள்.

ஓவர்கிளாக் என்பது வேகத்தை ஏற்றுவது. கம்பெனிக்காரன் ‘இவ்வளவு ஓடினால் போதும்’ என்று வைத்த அளவைத் தாண்டி, மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, பிராசஸரை இன்னும் ஓட வைப்பது. அவரிடம் இருந்தது இருப்பதிலேயே சின்ன பிராசஸர். அதை ராஜா வீட்டுப் பலகையில் உட்கார வைத்து விரட்டினார். ஏற்றியபின் அது தாங்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை ஓடவிடுவார். திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில்.

“இப்ப அது இன்னா வேல செய்யுது பிரதர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேல செய்யல சிஸ்டர். தாங்குதான்னு பாக்குது.”

தாங்கும். அல்லது தாங்காது. தாங்கினால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். தாங்காவிட்டால் இறக்குவார். இதைத் தவிர அந்த இயந்திரத்தில் அவர் வேறு வேலை செய்து நான் பார்க்கவில்லை. ஒருமுறை கம்பெனிக்கு லீவு லெட்டர் டைப் செய்தார். அதைப் பிரிண்ட் எடுக்க என்னிடம் வந்தார், ‘நல்ல பிரிண்டர் வரட்டும்னு வெயிட் பண்றேன்’ என்று சொல்லிக்கொண்டு.

எல்லாவற்றிலும் மனிதர் இப்படித்தான். லைன் வீட்டுக்குப் பின்னால் குளியலறை கட்டினார். அதற்கு அஸ்திவாரம் தோண்டும்போது அந்தப் பக்கமாகப் போன பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர், காது மந்தமானவர், பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாபா, கம்பெனி திருப்பித் தொறந்துட்டாங்களா? ஷாஃப்ட் எறக்கறியா?” என்று கேட்டார். கேலியில்லை, சுரங்கக் குழி என்று நிஜமாகவே நினைத்துக் கேட்டார். மேலே இரண்டு மாடி வரும், தாங்கவேண்டாமா என்றார் இவர். நாலு மூலையிலும் தூண். ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் கம்பிகள் ஆளுயரம் வானத்தைப் பார்த்து நின்றன. கூரைக்குப் பணம் போதவில்லை, தகர ஷீட் போட்டார். கோட்டை மாதிரித் தூண்கள், மேலே தகரம், உள்ளே ஒரு வாளி. ஸ்டெல்லா அந்தக் கம்பிகளில் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். அந்தத் தூண்களுக்குக் கிடைத்த வேலை அதுதான்.

அவருக்கு ஒரு பெரிய துக்கம் வந்த நாளன்று நான் கூட இருந்தேன். பேப்பர் வாங்கப் பெங்களூரு போய்க்கொண்டிருந்தேன், அதே பெட்டி. சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று போனைத் தொடைமேல் வைத்துவிட்டார்.

“இன்னா பிரதர்?” என்றேன்.

“மாத்திட்டாங்க சிஸ்டர்.”

“யார?”

“சாக்கெட்ட.”

அடுத்து வரப்போகும் பெரிய பிராசஸர் தன்னுடைய பலகையில் அப்படியே உட்காரும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதற்காகத்தானே அந்தப் பலகை. இப்போது செய்தி வந்திருந்தது. புதுப் பிராசஸருக்குக் கீழே உள்ள பின்கள் வேறு மாதிரி, பழைய பலகையின் குழிகளில் அது இறங்காது. புதுப் பலகைதான் வாங்கவேண்டும்.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பி, “யாருபா போயிட்டாங்க?” என்றார். யாரும் போகவில்லை, மதர்போர்டுதான் என்று இன்னொருவர் விளக்கினார். அந்த மனிதர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து இவர் தோளைத் தட்டினார். “மனசத் தேத்திக்கபா. எவ்ளோ நாளா இருந்துச்சு?” பெட்டியே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது நியாயமான விசாரிப்பாகத்தான் பட்டிருக்கவேண்டும், தலையை ஆட்டினார்.

ஆனால் மாலூர் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் தேறிவிட்டார். “ஒரு விதத்துல நல்லது சிஸ்டர். புதுசு வந்தா, என் போர்டுக்குச் சேர்ற பழைய பெரிய பிராசஸரு வெல எறங்கும். அப்ப சும்னே தூக்கிக்கினு வந்துடலாம்.” (சும்னே என்றால் சும்மா, கன்னடம்.)

விலை இறங்கக் காத்திருந்தார். விலை இறங்கியது. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தார். பிறகு அந்தப் பிராசஸர் கடைகளிலேயே இல்லாமல் போயிற்று.

இதுவரைக்கும் இது வேடிக்கை. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். லைனில் ஒருத்தருக்குக் குடி, ஒருத்தருக்குச் சீட்டு, இவருக்குப் போர்டு, அடிக்காது, உதைக்காது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஸ்டெல்லாவிடமே சொல்லியிருக்கிறேன். அவள் காலண்டர் அட்டையை இன்னும் கொஞ்சம் வேகமாக விசிறுவாள்.

ஸ்டெல்லாவுக்கும் பெங்களூருவில்தான் வேலை. அயல்நாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வார்கள், அதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கவேண்டும். காலில் ஒரு பெடல் இருக்கும், அழுத்தினால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும். மூக்கால் பேசுகிற டாக்டரும் சூயிங்கம் மென்றுகொண்டே பேசுகிற டாக்டரும் சொல்வதைத் தப்பில்லாமல் அடிப்பாள். தினமும் விடிவதற்கு முன்னால் கிளம்பி, ரயிலில் பாதித் தூரம் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவாள். ஒரு கரு அப்படிப் போய்வருகையில் கலைந்தது. ரயிலால்தான் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுபடி உண்டானபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்தத் தடவை ரயில் கூடாது.

வேலையை விட்டால் வீடு நடக்காது. அவள் மேலாளரிடம் கெஞ்சினாள். வீட்டில் சொந்தக் கணினியும் இன்டர்நெட்டும் இருந்தால் ஒரு வாரம் வீட்டிலிருந்து செய்து காட்டு, நேரத்துக்கு ஃபைல் வந்தால் அப்படியே தொடரலாம் என்று சொன்னார்கள்.

“வீட்ல கம்ப்யூட்டர் கீதே அக்கா!” என்று என் கடைக்கு வந்து சொன்னாள். அந்தக் குடல் தெரியும் இயந்திரத்தைப் பற்றி அவள் சந்தோஷமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. அவர் சாயங்காலம் வந்தார், மனைவி வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்தார். அவருக்கு மனம் பொறுக்கவில்லை. “பிராசஸரு சும்னே படுத்துக்கினு கீது ஸ்டெல்லா. ஒரு வேலையும் இல்ல அதுக்கு. கொஞ்சம் ஏத்தி உட்டா உன் டைப்பிங்கு பறக்கும்” என்றார். டைப்பிங் பறப்பது விரலால் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவள் படுத்த பிறகு ஏற்றிவிட்டார். அன்பில்தான் செய்தார், அதை நான் மறுக்கமாட்டேன். அவர் அன்பு எப்போதும் நிர்ணயித்த வேகத்துக்கு மேலேதான் ஓடும்.

மறுநாள் அவர் ரயிலேறிப் போய்விட்டார். நல்ல கோடை. வெயில் ஏறியது. திரை நீலமாகி அணைந்தது. அவள் மறுபடி போட்டாள், பத்து வரி அடித்தாள், அணைந்தது. போன் செய்தாள்.

“ஸ்கிரீன்ல ஒரு நம்பர் வந்திருக்குமே, அத்த எழுதி வெச்சியா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆஃப் ஆயிடுச்சுங்க. நம்பரும் அதுகூடவே போயிடுச்சு.”

“ஏத்துனதுல வோல்டேஜு ஒரு பாயின்டு எச்சா போயிருக்கும். ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வந்து பாக்கறேன்.”

சாயங்காலம். அவளுக்கு மதியத்துக்குள் ஃபைல் போகவேண்டும்.

ஹெட்போனையும் பெடலையும் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து என் கடைக்கு வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. என் நாற்காலியை விட்டு நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் கேள்வித்தாளுக்காகக் காத்திருந்தார், அவரைச் சாயங்காலம் வரச் சொன்னேன். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன். அவள் ஹெட்போனால் காதைப் பொத்தியபடி டைப் அடித்தாள், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கவும் கையை எடுக்காமல். ஃபைல்கள் தாமதமாகத்தான் போயின. மேலாளர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. இந்த ஒருமுறை விடுகிறேன், இன்னொரு முறை நின்றால் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வந்து இயந்திரத்தின் முன் குந்தினார். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“போர்டுமேல தப்பில்ல” என்றார்.

அவர் அம்மாகூட விசிறுவதை நிறுத்திவிட்டார்.

“கூலரு பத்தல. சனிக்கெழம பெரிய கூலரு ஒண்ணு பாத்துட்டு வரேன். அத்த மாட்டிட்டா இந்த ஸ்பீடு அசால்ட்டா தாங்கும்.”

“ஸ்பீட எறக்கிடுங்களேன் பிரதர்” என்றேன்.

“எறக்கறேன் சிஸ்டர். எறக்கறேன். ஆனா இந்தப் போர்டுல எறக்கி ஓட்டறது...” என்று இழுத்தார், கல்யாண வீட்டில் கஞ்சி ஊற்றச் சொன்னதைப்போல.

இறக்கினார். ஆனால் ஸ்டெல்லா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் அவர் ரயில் போனதும் இயந்திரத்தின் ஒயர்களைப் பிடுங்கி, அதை ஒரு பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தாள். “ஆட்டோ கூப்பிடுங்க அக்கா” என்றாள். அன்றைய ஃபைல்களை என் கடையில் அடித்து முடித்துவிட்டு, மதியம் இருவரும் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பலகையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “அக்கா, இது சூப்பர் போர்டு அக்கா! இத்த யாராவது குடுப்பாங்களா?”

“இதுக்குச் சேர்ற பெரிய பிராசஸரு உங்ககிட்ட கீதா?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“அது நின்னுபோச்சு அக்கா. புதுசு இதுல உக்காராது.”

“அப்ப இதுல இன்னா சூப்பரு?”

கடைக்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

பதிலுக்கு ஒரு சின்னப் பச்சைப் பலகை, ஒரு நடுத்தரப் பிராசஸர், இரண்டும் ஒன்றுக்கொன்று அளவானவை. இதில் வேகம் ஏற்ற வசதி கிடையாது, இதற்குமேல் பெரிசாக எதுவும் போடவும் முடியாது என்று கடைக்காரர் எச்சரிக்கை மாதிரிச் சொன்னார். “அதான் வேணும்” என்றாள் ஸ்டெல்லா. பக்கத் தகட்டைப் போட்டு நாலு திருகையும் முறுக்கச் சொன்னாள். கடைக்காரர் மூன்றை முறுக்கிவிட்டு நிறுத்தியபோது, நாலாவதையும் என்று விரலால் காட்டினாள்.

அன்று சாயங்காலம் நான் வேண்டுமென்றே அவர்கள் வீட்டில் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். அவர் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், நின்றார். மேஜைமேல் பெட்டி மூடியிருந்தது. ஸ்டெல்லா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு இல்லை.

“இன்னா போர்டு இது?”

“தெரியாது. ஓடுது.”

“மேல ஏதாவது போடலாமாமா இதுல? இன்னா சொன்னான் அவன்?”

“ஒண்ணும் போட முடியாதாம்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு நாலு வருஷம் கழிச்சி இன்னா பண்ணுவ ஸ்டெல்லா?”

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். “எனக்கு அஞ்சாம் மாசம். உங்க அப்கிரேடு வர்ற வரைக்கும் புள்ள உள்ளயே குந்திக்கினு இருக்குமா?”

நான் சிரித்திருக்கவேண்டும், இத்தனை வருடக் கேலிக்கு அதுதான் உச்சம். சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, சண்டைக்கு வருகிற முகம் இல்லை. கணக்கு எண்ணிக் கொடுத்த பிறகு ஒரு பொருள் குறைகிறது என்று தெரிந்த ஸ்டோர்ஸ்காரர் முகம். எழுந்து டேபிள் ஃபேனைத் தூக்கி, இரண்டு பெண்களுக்கும் காற்று வரும்படி வைத்தார். எந்தப் பக்கம் வைத்தால் இருவருக்கும் போகும் என்று இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார், அதையும் ஒரு சோதனை போல.

திருந்திவிட்டார் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. சனிக்கிழமை அவர் பெங்களூருத் தெருக்களுக்குப் போகாமல் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். அங்கே அவருடைய கறுப்புப் பலகை கண்ணாடி அலமாரியில் இருந்தது. பார்க்கத்தான் போனார். கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். பேத்தமங்கலத்திலிருந்து ஒரு வாத்தியார் மார்க் போடுவதற்கு ஏதாவது ஒரு கணினி பார்க்க வந்திருந்தாராம். இவர் அவருக்குப் பலகையின் அருமையைச் சொல்லியிருக்கிறார், ஹீட்சிங்கின் தடிமனைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். வாத்தியார் அதை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் கொஞ்ச நாளில் ரயிலில் இவர் வேறு பாட்டுப் பாட ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டேன். “வேலைக்கு ஏத்த போர்டு போதும் பிரதர். நான் வீட்ல அதான் போட்டுக் குடுத்திருக்கேன். சின்னது, ஆனா கச்சிதம்.” நான் இதை ஸ்டெல்லாவிடம் கொதிப்போடு சொன்னேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. “சொல்லிக்கட்டும் அக்கா. காத்து எங்க பக்கம்தான வருது.”

பிள்ளை இடையில் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்து, சொன்ன மாதத்தில் வலி எடுத்தது. குழந்தைக்கு வேண்டிய துணிமணி எல்லாம் தன் பொறுப்பு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். “நீங்க ஒண்ணும் எடுத்துக்கினு வர வேணாம் சிஸ்டர். எல்லாம் ரெடி.” நானும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மடிமேல் ஒரு பெரிய பை. பிரசவ அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டபோது எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து, “பெண் குழந்தை. துணி குடுங்க, சீக்கிரம்” என்றாள்.

அவர் பையைத் திறந்தார். முதலில் ஒரு ஜோடி ஷூ வந்தது. பிறகு ஒரு மழைக்கோட்டு. பிறகு ரோஸ் நிறத்தில், அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த ஒரு கவுன். நர்ஸ் அதை வாங்கி விரித்துப் பிடித்தாள். அது அவள் கழுத்திலிருந்து இடுப்புக்கும் கீழே வந்தது. குழந்தைக்கு என்ன வயது என்று கன்னடத்தில் கேட்டாள்.

“வளந்தா போட்டுக்கும் சிஸ்டர்” என்றார் அவர், அவளிடமும்.

“இப்ப சுத்தறதுக்கு?”

அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, வேண்டாம் என்றது அவர்தானே. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு கவுனோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தபோது, அந்தக் கவுனின் சுருக்கமெல்லாம் காலுக்குக் கீழே மடிந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே கழுத்து வைத்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சிவந்த முகம் மட்டும் தெரிந்தது. அவர் கையில் கொடுத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வாங்கினார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் மெதுவாக விரிந்தது.

“பாத்தீங்களா சிஸ்டர்! அளவா வாங்கியிருந்தா இப்ப சுத்த முடிஞ்சிருக்குமா?”

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டிலில் கிடந்த ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

“அக்கா, அந்த ஆள வெளிய கூட்டிக்கினு போங்க அக்கா. சிரிச்சா தையல் வலிக்குது.”